அம்மாவின் மாடிக்கு ஒரு கைப்பிடி

ஜனவரி 11

தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. என்னைப் பற்றி நீ எழுதியிருப்பதில் பாதியை நானே ஒப்புக்கொள்வேன். மீதிப் பாதி உன் வீட்டுக்காரர் சொல்ல நீ எழுதியது. அவருடைய மோட்டார் பட்டறையின் கிரீஸ் வாசனை காகிதத்திலேயே அடிக்கிறது.

போனை ஏன் எடுப்பதில்லை என்று கேட்டிருக்கிறாய். எடுத்தால் நீ கத்துவாய், நானும் கத்த வேண்டியிருக்கும். எழுத்தில் என்றால் ஒருவர் சொல்லி முடிக்கும்வரை மற்றவர் குறுக்கே விழ முடியாது. நம் குடும்பத்துக்கு இதுதான் சரிப்படும்.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் இருக்கும் அந்த வீட்டை வரைந்தவன் நான். அளவுகோல் மாதிரி ஒல்லியான மனை. வேறு எவனிடம் கொடுத்திருந்தாலும் தீப்பெட்டிகளை அடுக்கியிருப்பான். நான் இரண்டு சுவருக்கு நடுவே ஒரு படிக்கட்டை நிறுத்தி, உச்சியிலிருந்து வெளிச்சத்தை இறக்கினேன். ஓர் ஆணிகூட இல்லாத சுவர். நான் கட்டியவற்றில் பத்திரிகையில் படம் வந்தது அந்தப் படிக்கட்டு ஒன்றுதான். அதில் உன் வீட்டுக்காரர் பட்டறையில் கிடந்த தண்ணீர்க் குழாயை வெட்டி, பச்சைப் பெயின்ட் அடித்து, கைப்பிடி என்று மாட்டிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் குழாய் இருக்கும்வரை அந்தப் படியில் கால் வைக்கமாட்டேன் என்று போன முறை வந்தபோதே சொல்லிவிட்டுத்தான் திரும்பினேன். இதற்குமேல் என்ன சொல்ல?

இங்கே என் கூட்டாளி ஆபீஸ் பெயர்ப் பலகையைப் புதிதாக எழுதியிருக்கிறான். என் பெயர் இரண்டாவதாகப் போய்விட்டது. கூட்டங்களில் நான் தூங்குகிறேனாம். வேலை நடக்கும் இடத்துக்குப் போகாமல் வண்டியிலேயே உட்கார்ந்திருக்கிறேனாம். எல்லாரும் வியர்த்து வழியும்போது நான் மட்டும் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஏசியை அணைக்கச் சொல்கிறேனாம். ஒரு வரைபடத்தில் கீழ்த்தளத்துத் தூணுக்கு நேர்மேலே மேல்தளத்துத் தூண் வராமல் தள்ளி நின்றுவிட்டது. உண்மைதான். அதற்காக, கையைப் பிடித்துக் கோடு போடப் பழக்கியவனுக்கே பாடம் நடத்துவதா? அவனுக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்.

அம்மாவைக் கீழே இறக்கி உட்கார வையுங்கள். வந்து பார்க்கிறேன்.

அண்ணன்


ஜனவரி 20

அண்ணா,

கீழே இறக்க வேண்டுமாம். எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய்.

அந்தக் கைப்பிடி ஏன் வந்தது என்று மறந்துபோயிற்றா? அம்மா விழுந்தது உன் படியில். படி திரும்புகிற இடத்தில், பிடிக்க ஒன்றும் இல்லாமல், உன் ஆணியில்லாத சுவரைத் தடவிக்கொண்டே சரிந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தபோது அந்தத் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. நாற்காலியில் வைத்து நாலு பேர் தூக்கினார்கள். ஒவ்வொரு படிக்கும் அம்மா போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மேலே போனதும், "இனிமே உயிரோட என்னை இறக்காதீங்க" என்று சொல்லிவிட்டாள். கீழே இருப்பது பட்டறை. அவளைப் படுக்கவைக்க வேறு அறையும் இல்லை.

அம்மா சாப்பாட்டைக் குறைத்துவிட்டாள். இனி மாதக் கணக்குத்தான் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். தினமும் "பெரியவன் வரலையா?" என்கிறாள். போனில் பேச வைக்கிறேன் என்றால், "முகத்தைக் காட்டாதவன் குரல் எனக்கு எதுக்கு?" என்று திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். உனக்கு ரோஷம் எங்கிருந்து வந்தது என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். "அந்தக் கம்பிதான் அவனுக்குப் பிரச்சனைன்னா கழட்டிப் போடு. நான் இனிமே இறங்கவா போறேன்?" என்றாள். இவர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு முனகினார். உன் அண்ணன் பார்க்க வருவது அம்மாவையா, படிக்கட்டையா என்று கேட்டார். ஆனாலும் கழற்றிவிட்டார்.

இப்போது நான் தட்டும் கையுமாகச் சுவரோரம் பூனை மாதிரி ஏறி இறங்குகிறேன். உன் காரணம் தீர்ந்தது. வா. இதைப் படிக்கும்போது கோபத்தில் உன் காது சிவந்திருக்கும். சிவக்கட்டும்.

உன் தங்கை


பிப்ரவரி 1

தங்கைக்கு,

இவ்வளவு அவசரமாகக் கழற்றுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒரு வீட்டில் எதையும் மாட்டுவதற்கும் கழற்றுவதற்கும் முன் வரைந்தவனைக் கேட்பது உங்களுக்கு வழக்கமே இல்லை போலிருக்கிறது.

சரி. வருகிற சனிக்கிழமை வருகிறேன். ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம். நான் வருகிற நேரத்தில் வாசலில் நின்று வேடிக்கை பார்க்கவும் வேண்டாம்.

அண்ணன்


பிப்ரவரி 10

நீ செய்ததை எந்தப் பகையாளியும் செய்யமாட்டான்.

சனிக்கிழமை காலையிலேயே அம்மாவுக்குத் தலை வாரிவிட்டேன். தலையணையை உயர்த்தி வைக்கச் சொல்லி, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கீழே உன் செருப்புச் சத்தம் கேட்டதும், "வந்துட்டான்" என்று புடவையைச் சரிசெய்துகொண்டாள். நான் திருப்பம்வரை இறங்கி எட்டிப் பார்த்தேன். நீ மூன்றாம் படியில் நின்றுகொண்டிருந்தாய், சுவரில் கையை வைத்தபடி. "வா" என்றேன். ஏறிட்டுப் பார்த்தாய். அப்புறம் திரும்பி, மெதுவாக இறங்கி, போய்விட்டாய். நான் ஓடி வருவதற்குள் ஆட்டோ கிளம்பிவிட்டது.

சாயங்காலம் அம்மா தலையணையை இறக்கச் சொன்னாள். அவ்வளவுதான்.

ஒரு காரணம் எழுது. பொய்யாக இருந்தாலும் சரி. அவளிடம் சொல்ல ஏதாவது வேண்டும்.


பிப்ரவரி 17

தங்கைக்கு,

காரணம்தானே? கழற்றியவர் துளைகளை அடைக்கவில்லை. வரிசையாகச் சுவர் முழுக்க ஓட்டை. அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் ஏற முடியவில்லை. இதை அம்மாவிடம் சொல். நம்புவாள். அவளுக்கு என்னைத் தெரியும்.

அண்ணன்


பிப்ரவரி 25

அண்ணா,

அம்மாவிடம் சொன்னேன். நம்பிவிட்டாள். "அவன் அப்படித்தான்" என்றாள். நான் நம்பவில்லை.

கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் எடுத்தேன். அப்போது ஒன்று உறைத்தது. உனக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும். பள்ளிக்கூட நாட்களிலிருந்தே உன்னை அதை வைத்துத்தான் கேலி செய்வேன். அன்று மேலிருந்து பார்த்தபோது உன் காது சுண்ணாம்பு மாதிரி இருந்தது. உதடும் அப்படித்தான். வாய் திறந்திருந்தது. ஏதோ திட்ட வாயைத் திறந்தாய் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், நீ மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாய்.

உன் கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். ஸ்வெட்டர். வண்டியிலேயே உட்கார்ந்திருப்பது. கூட்டத்தில் தூக்கம். தூணை மாற்றிப் போடுவது. நீயா? சாப்பாட்டுத் தட்டு கோணலாக இருந்தாலே நேராக்கி வைக்கிறவன் நீ.

உனக்கு என்ன உடம்பு? சண்டையை அப்புறம் வைத்துக்கொள்வோம். பதில் வராவிட்டால் அடுத்த ரயிலில் நானே வந்து உன் வாசலில் உட்காருவேன். என் பட்டப்பெயர் உனக்கு ஞாபகம் இருக்கட்டும்.

வாலு


மார்ச் 7

வாலுக்கு,

வந்து உட்கார்ந்துவிடாதே. மாடியில் இருப்பவளுக்கு யார் சோறு போடுவது? எழுதுகிறேன்.

இரண்டு சிறுநீரகமும் கெட்டுப் போயிருக்கின்றன. தெரிந்து இரண்டு வருடமாகிறது. ரத்த அழுத்தம் செய்த வேலை. மாத்திரை தந்தார்கள், அடிக்கடி வரச் சொன்னார்கள். வரிசையில் உட்காரப் பிடிக்காமல் நான் போகவில்லை. கழிவை வடிகட்டுவதுதான் அதன் வேலை என்று படித்தவன் நான். அதோடு இன்னொரு வேலையும் உண்டாம். ரத்தம் ஊறட்டும் என்று எலும்பு மஜ்ஜைக்குச் சொல்லி அனுப்புவது அதுதானாம். என்னுடையது சொல்லி அனுப்புவதை நிறுத்திவிட்டது. ஹீமோகுளோபின் பதின்மூன்று இருக்க வேண்டிய உடம்பில் ஏழுகூட இல்லை. உன் வீட்டிலிருந்து திரும்பிய மறுநாள் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. கூட்டாளிதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனானாம். அதற்கு நன்றி சொல்ல வேண்டியிருப்பதும் ஒரு வியாதிதான்.

இருக்கிற கொஞ்ச ரத்தத்தை உடம்பு முழுக்கப் பங்கிட்டுக் கொடுக்க இதயம் ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கிறது. அந்த வேலையில் அதன் இடப்பக்கச் சுவர் தடித்துப்போயிருக்கிறது என்று படம் எடுத்துக் காட்டினார் டாக்டரம்மா. தூண் பலமில்லாத கட்டடத்தில் சிலர் சுவரைத் தடிப்பாக்கிச் சமாளிப்பார்கள். அது எத்தனை நாள் தாங்கும் என்று எனக்குத் தெரியும். அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை.

குளிர், தூக்கம், நெஞ்சுப் படபடப்பு, கோடு இரண்டாகத் தெரிவது, பைத்தியக்காரன் மாதிரி ஐஸ் கட்டியைக் கடிப்பது, எல்லாம் இதனால் வந்தவைதானாம். என் கோபத்துக்கும் இதுதான் காரணமா என்று கேட்டேன். ரத்தசோகை எரிச்சலைக் கூட்டும் என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. என் கோபங்கள் ஒவ்வொன்றும் நான் பாடுபட்டுச் சேர்த்தவை. அவற்றை ஒரு ரத்தப் பரிசோதனைக்கு விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

உடனே ரத்தம் ஏற்றிவிடுங்கள் என்றேன். தவிர்க்க முடிகிறவரை தவிர்ப்போம் என்றார். பின்னால் யாராவது சிறுநீரகம் தருவதானால், இன்று ஏற்றுகிற ரத்தத்தால் உடம்பு அதை எதிர்க்கப் பழகிவிடலாமாம். அதனால் நரம்பு வழியாக இரும்புச் சத்து, வாரா வாரம் ஓர் ஊசி. பலன் மெதுவாகத்தான் தெரியும்.

அந்தச் சனிக்கிழமையைப் பற்றி. அதற்கு முந்தின முறை வந்தபோதே எனக்கு மூச்சு முட்டியது. குழாயைப் பிடித்தால் ஏறியிருப்பேன். உன் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டு நிற்க, நான் திட்டிய குழாயைப் பிடித்துக்கொண்டா? அதனால் திட்டுவதையே பலமாகத் திட்டிவிட்டுக் கிளம்பினேன். கழற்றிவிட்டோம் என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்கு வந்தது கோபம் இல்லை, பயம். அன்று சுவரில் கையை வைத்தேன். வழுக்கியது. கண்ணாடி மாதிரி இழைத்துப் பூசச் சொன்னவன் நான்தான். மூன்றாம் படியில் கண் இருட்டிவிட்டது. மேலே நீ "வா" என்றாய். அம்மா வீட்டில் உருண்டு விழுந்து, அந்தச் சத்தத்தை அவள் கேட்கக் கூடாது என்பது மட்டும்தான் அப்போது தோன்றியது.

கைப்பிடியை மாட்டச் சொல். இரண்டு பக்கமும். அந்தக் குழாயே போதும், அதே பச்சையே இருக்கட்டும். பிடித்தால் விரல்கள் சுற்றி வந்து சேர வேண்டும், அதைவிடப் பருமனாக வேண்டாம். திருப்பத்தில் ஒரு மடக்கு ஸ்டூல். அம்மாவிடம் எதையும் சொல்லாதே.

அண்ணன்


மார்ச் 16

அண்ணா,

படித்துவிட்டு அழுதேன். அதன் பிறகு திட்டினேன். எந்த வார்த்தைகளில் என்று எழுதமாட்டேன். நீ ஊகிக்கலாம்.

நேற்று மாட்டியாயிற்று. இவரிடம் உன் அளவை வாசித்துக் காட்டினேன். விரல் சுற்றி வர வேண்டும் என்றதும் தன் கையை வைத்துப் பார்த்தார். உன் கை இவர் கையைவிடச் சின்னது என்று நான் சொன்னதால் பட்டறையில் தேடி இன்னும் மெல்லிய குழாயாக எடுத்தார். உனக்குப் பிடிக்காத மனிதர் உனக்காக மூன்று நாள் மோட்டார் வேலையை ஒதுக்கி வைத்தார். இதையும் உன் கணக்கில் எழுதிக்கொள்.

துளை போடுகிற சத்தம் கேட்டு, "மறுபடி என்ன பண்றாங்க?" என்றாள் அம்மா. உன் பிள்ளைக்கு மனசு மாறிவிட்டது, கைப்பிடி வேண்டுமாம் என்றேன். "அவனுக்கா?" என்று என்னையே பார்த்தாள். "அப்ப அவனுக்கு உடம்பு சரியில்ல" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சத்தியமாக.

அவள் பகலிலும் தூங்குகிறாள். முழித்தால் கொஞ்சம் பேசுகிறாள். உன் ஊசி உன்னை ஏற்றுவதற்குள் இங்கே என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. டாக்டரம்மா சரி என்று சொல்லும் முதல் நாளே கிளம்பு. எண் முழுசாக ஏறட்டும் என்று காத்திருக்காதே.

யாராவது சிறுநீரகம் தருவதானால் என்று எழுதியிருந்தாய். அந்த யாராவது யார் என்று நேரில் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

வாலு


ஏப்ரல் 24

வாலுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் இருவரும் என் பேச்சைக் கேட்டு, நான் ஏறி முடிக்கும்வரை பட்டறைக்குள்ளேயே இருந்தீர்கள். அதற்காகவாவது நடந்ததை எழுத வேண்டும்.

ஹீமோகுளோபின் எட்டைத் தாண்டியிருந்தது. அவ்வளவுதான். இரண்டு கையாலும் இரண்டு குழாயையும் பிடித்துக்கொண்டு, படகில் துடுப்புப் போடுகிறவன் மாதிரி என்னை நானே இழுத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு படியையும் ஏன் இவ்வளவு உயரமாக வைத்தோம் என்று வரைந்தவனைத் திட்டினேன். திருப்பத்தில் ஸ்டூல் இருந்தது. உட்கார்ந்தேன். வெளிச்சம் நான் நினைத்த இடத்தில் சரியாக விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சுவரை இத்தனை வருடத்தில் நான் உட்கார்ந்து பார்த்ததில்லை.

என் மூச்சு அந்தப் படிக்கட்டுக் கூண்டு முழுக்க இரைந்திருக்க வேண்டும். மேலே இருந்து அம்மா, "யாரு, தண்ணி கேன் போடுறவரா? வாசல்லயே வெச்சிட்டுப் போப்பா" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இன்னும் மூச்சு முட்டியது. "நான்தாம்மா" என்றேன்.

மேலே கட்டில் கிரீச்சென்றது.

"பெரியவனா? எங்க இருக்க?"

"பாதிப் படியில."

"உக்காரு. மெதுவா வா. நான் எங்க போயிடப் போறேன்."

உட்கார்ந்தே இருந்தேன். அவள் அங்கிருந்தே பேசினாள். உன்னைப் பற்றி இரண்டு புகார், எதிர்வீட்டு நாயைப் பற்றி ஒன்று. அவள் குரல் கேட்கக் கேட்க மூச்சு இறங்கியது. பிறகு மீதியை ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்ததும் என் கையை எடுத்துத் தன் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள். "என்னடா இது, என் கையவிடச் சில்லுன்னு இருக்கு" என்றாள். என்ன வியாதி என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நீ டீ கொண்டுவந்தபோது நாங்கள் பேசாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து மறுபடி சண்டையோ என்று பயந்தாயே, அது சண்டை இல்லை.

சிறுநீரகம் பற்றி நீ வாசலில் நின்று சொன்னதற்கு என் பதில் இன்னும் அதேதான். வேண்டாம்.

கால் வீங்கியிருக்கிறது. அடுத்து டயாலிசிஸ்தான் என்கிறார்கள்.

அண்ணன்


மே 28

அண்ணா,

நேற்று இங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து உனக்குச் சொல்லிவிட்டார்கள். நீ டயாலிசிஸ் இயந்திரத்தில் இருந்தாயாம். நர்ஸ் உன் காதருகில் போனைப் பிடித்ததாகவும், நீ ஒன்றும் பேசவில்லை என்றும் சொன்னாள். நுரையீரலில் தண்ணீர் இறங்காமல் உன்னை அனுப்பமாட்டார்கள் என்று டாக்டரம்மாவே என்னிடம் சொன்னார். நீ வரவில்லை என்று இங்கே யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் நான் விட்டிருக்கமாட்டேன்.

அம்மா தூக்கத்தில் போய்விட்டாள். காலையில் பால் கொண்டு போனபோதுதான் பார்த்தேன்.

இதை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும். அவளைக் கீழே இறக்க வேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் கைப்பிடி இருந்ததால் அந்தத் திருப்பத்தில் வழி போதவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள், தூக்கிப் பார்த்தார்கள். வந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். இவர் ஸ்பானரை எடுத்துவந்து, அவள் அங்கே பாதிப் படியில் காத்திருக்க, இரண்டு குழாயையும் கழற்றினார். இவர் அழுது நேற்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன்.

எல்லாரும் போன பிறகு, "திரும்ப மாட்டணுமா?" என்று கேட்டார். மேலே இனி யார் இருக்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. எனக்குத்தான் அது தோன்றியது. இப்போதைக்குக் குழாய்களைப் பட்டறையில் சாத்தி வைத்திருக்கிறார்.

வாலு


ஜூன் 9

வாலுக்கு,

நேற்று வீட்டுக்கு அனுப்பினார்கள். வாரத்தில் மூன்று நாள் இயந்திரம், கூடவே அந்த ஊசி. எண் பத்தைத் தொட்டிருக்கிறது. அதற்குமேல் ரொம்பவும் ஏற்றமாட்டார்களாம். அதிகமானாலும் ஆபத்து என்கிறார்கள். என் ஆயுளில் முதல்தடவையாகக் குறைவானதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

கூட்டாளி வந்து பார்த்தான். பழங்கள் கொண்டுவந்தான். பாதி எனக்கு ஆகாதவை. அவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டேன். வெயில் உறைக்கிறது.

நர்ஸ் போனைக் காதருகில் பிடித்தபோது நான் பேசவில்லை என்று எழுதியிருந்தாய். எனக்கு அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. மேலே இருந்து மெதுவா வா என்று யாராவது சொல்வார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

குழாயைத் திரும்ப மாட்டச் சொல். பழைய துளைகளை அடைக்க வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல். அதிலேயே மாட்டட்டும். இயந்திரம் இல்லாத இரண்டு நாள் சேர்ந்து வரும்போது கிளம்பி வருகிறேன். அந்த அறையில் யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஏறத்தான் போகிறேன். இந்தத் தடவை நீங்கள் இருவரும் பட்டறைக்குள் போய் நிற்க வேண்டாம்.

பெரியவன்